யாரும் ஜெயிக்காத வார்டு

சித்தூருக்கு வெளியே மிஷன்காரர்கள் நடத்திய சயரோக ஆஸ்பத்திரியில் நான் படுத்துக்கிடந்த வருஷம், எங்கள் வார்டில் சதுரங்கம் ஆடுவதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. தோற்றுக்கொண்டிருப்பவன் வாய்விட்டு டிரா கேட்கக்கூடாது. விடாமல் செக் வைக்கவேண்டும். ஜெயிக்கிறவன், வழி தெரிந்தாலும் தப்பிக்கக்கூடாது. ராஜாவை இரண்டு கட்டங்களுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்துவிட்டு, “போதும்பா, கலைச்சிடு” என்று சொல்லி டிராவாக்கிவிடவேண்டும்.

காரணத்தை யாரும் பேசமாட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஆட்டத்தில் தோற்ற இரண்டு பேர், தோற்ற வாரத்திலேயே வெள்ளைத்துணி போர்த்திப் பின்வாசல் வழியாகப் போனார்கள். நான் வாத்தியார், வேதம் வாசிக்கிறவன், இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. ஆனாலும் செக் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மூடநம்பிக்கையைக் கண்டித்து ஜெபம் செய்துவிட்டு ஆட உட்கார்ந்த போதகரும் டிராதான் செய்தார்.

ஒரு திங்கட்கிழமை, அடுத்த வார்டிலிருந்து திருப்பதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவரை எங்களோடு கொண்டுவந்து போட்டார்கள். நன்றாகத் தேறிவிட்டார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தத் தெம்பில் மறுநாளே என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். எனக்கோ ஜுரம் இறங்காத நேரம். மாட்டேன் என்றால் பயந்தவன் ஆகிவிடுவேனே என்று உட்கார்ந்தேன்.

சீக்கிரமே என் கை தாழ்ந்துவிட்டது. மந்திரியை வைத்துச் செக் கொடுக்க ஆரம்பித்தேன். ராஜாவை நகர்த்தினார். மறுபடி செக். மறுபடி நகர்த்தினார். அடுத்த செக்குக்கு, யானையைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“அப்படி ஆடக்கூடாதுங்க,” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். தடாவில் ரயில்பாதை வேலை செய்தவர் அவர்.

“ஏன், தப்பாட்டமா இன்னா? கெலிக்கத்தானே ஆடுறோம்?”

வார்டில் இருமல்கூட நின்றுபோயிற்று. சற்று நேரத்தில் என் ராஜாவுக்குப் போக இடமில்லை.

அன்று மாலையிலிருந்து என்னை யாரும் நேராகப் பார்க்கவில்லை. கஞ்சி கொண்டுவந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிட்டுப் போனான். நான் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போதே, தடாக்காரர் எதிர்க்கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்ல மனுசன்பா வாத்யாரு. யாரையும் ஒரு வார்த்த சொன்னதில்ல.” எழுந்து உட்கார்ந்து, நான் இன்னும் இருக்கிறேனய்யா என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால் அவர்களுக்குக் கேட்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பேசாமல் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரக்கடைக்காரர் கோட்டுப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு, பெட்டியைக் காலடியில் வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்துப்போக வண்டியோடு வந்த மச்சான், “பாவா, பண்டி ஒச்சிந்தி” என்று வண்டி வந்ததைத் தெலுங்கில் சொல்லித் தோளைத் தொட்டார். கடைக்காரர் அப்படியே சாய்ந்தார். எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்காத மாதிரி.

எனக்கு அழுகை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்ற சந்தோஷம்தான் வந்தது. கூடவே என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் தடாக்காரர் பலகையை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். ரொம்ப அன்பாக, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். காய்களை அடுக்கினோம். மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். நாலைந்து நகர்த்தலுக்குள், ஒரு காரணமும் இல்லாமல், தன் மந்திரியைக் கொண்டுவந்து என் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தார்.

“எட்துக்கோ வாத்யாரே,” என்றார்.

நான் எடுக்கவில்லை. என் மந்திரியைத் தூக்கி அவருடைய குதிரையின் வாயில் வைத்தேன்.