முதல் உயிரும் எங்கள் ஆரியசாலைச் சோப்பும்

முதல் உயிர் எப்படித் தோல் போர்த்திக்கொண்டது என்று எண்பது வருஷத்துக்கு முன்பே சொன்னவன் நான். நாலாம் ஃபாரம் தாண்டாதவன்.

இன்று தம்பானூர் பஸ்ஸில் பக்கத்து ஸீட் கல்லூரிப் பெண் போனில் தோழியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஆதி காலத்துத் தண்ணியில கொழுப்பு தானாவே சேர்ந்து குட்டிப் பையா மூடிக்கிட்டிருக்கலாம். செல்லோட முதல் சுவர் அதுதான்னு நினைக்கறாங்க, கேட்டோ."

விடுவேனா? யுத்த காலத்தில் சோப்பு கிடைக்காமல், ஆரியசாலையில் எங்கள் கடைக்குப் பின்னால் அப்பா தேங்காய் எண்ணெயில் சோப்பு காய்ச்சிய கதையைச் சொன்னேன். சோடாக் காரம் குறைந்துபோய் அது உறையவே இல்லை. தண்ணீர் ஊற்றியதும் பாலாய்க் கலங்கியது. முழங்கை வரை எண்ணெயோடு அப்பா சிரித்தார். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

"இதுக்குள்ள உயிர் பை கட்டுதுப்பான்னு அன்னிக்கே சொன்னேன், மக்களே."

"அந்தக் கலங்கல்ல அந்தப் பைகள் இருந்திருக்கலாம் தாத்தா. நாளைக்கு செமினார்ல உங்க பேரோட சொல்றேன்."

பேரை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டாள். இப்போது உறுத்துகிறது. யாராவது துருவிக் கேட்டால் பாவம், மாட்டிக்கொள்வாள்.

சோப்பு கெட்டது சத்தியம். நான் சொன்னதாகச் சொன்னதுதான் கற்பனை. அன்று, "இனி என் சட்டையை எதால துவைக்கிறது?" என்று அழுதேன், அவ்வளவுதான்.

அவளைத் தெரிந்தவர்கள், நான் அன்றே சொன்னேன் என்கிற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பேர் இருக்கட்டும்.