குளவி வேஷம் கட்டிய ஈ

என் பெரியம்மா மகளுக்குச் சம்பளமே சதுப்பு நிலத்தை வற்ற வைப்பதற்குத்தான். ஊர்க்கோடியில் இருக்கும் பம்ப் அறை அவள் ராஜ்ஜியம்: ஒரு மோட்டார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காது உடைந்த கோப்பை.

சதுப்பில் பாதியை இடிபாடு கொட்டி மூடி ஏற்கெனவே வீட்டுமனையாக்கிவிட்டார்கள். மீதியில் வயல் உரம் வழிந்து பாசி பிடித்துவிட்டது. பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு கரையோரம் மட்டும் கோரை மக்கி, சேறு நாறிக் கிடக்கும். வலையோடு வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் அங்கேதான் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட ஒன்றைக் காட்டினாள். பார்வைக்குக் குளவி, உண்மையில் ஈ. கொடுக்கு கிடையாது. அதன் புழுக்கள் அந்த நாற்றச் சேற்றில்தான் வளரும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தேடிக் கிடைக்கவில்லையாம்.

"என்னை மாதிரியே. வெளியதான் உருட்டல் மிரட்டல், உள்ள ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. அன்றிலிருந்து அதன்மேல் அவளுக்குத் தனிப் பாசம்.

அந்தக் கரையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆணை வந்தது. பொக்லைன் ஓட்டி வந்தவர் அவளுடைய கொழுந்தன், வாய்ச்சொல்லில் புலி. இயந்திரக் கையைச் சேற்றில் இறக்கியதும் நாலைந்து ஈக்கள் எழும்பின.

"ஐயோ தம்பி, குளவி!" அக்கா அலறினாள்.

புலி குதித்தது. ஒரு செருப்பு வண்டியில், இன்னொன்று சேற்றில். கடைத்தெருவை அடைவதற்குள் குளவிகள் நூறாகியிருந்தன, சாயங்காலம் ஆயிரம். கதை அலுவலகம் வரை போக, குளவியை ஒழிக்க மருந்தடிப்பவரை அனுப்புவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

மறுநாள், மருந்து வருமுன், அக்கா கொழுந்தனைக் கரைக்கு இழுத்துப்போனாள். ஒன்றைக் கைக்குள் பொத்திப் பிடித்து, மெல்லத் திறந்து காட்டினாள்.

"கொட்டலையா அண்ணி?"

"எதை வச்சுக் கொட்டும்? இது ஈ, தம்பி."

அவர் முகம் தொங்கியது. "அப்ப நேத்து நான் ஓடினது..."

"ஈயைப் பாத்துதான். ஊருக்குச் சொல்லட்டுமா?"

"அண்ணி, கால்ல விழறேன்."

"கால் வேண்டாம், சேறா இருக்கு. மருந்துக்காரரைத் திருப்பி அனுப்பிடுங்க. இங்க வண்டி புதைஞ்சிரும், கரையில கை வைக்க முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க."

"அது பொய்யாச்சே!"

"ஆயிரம் குளவி மட்டும் நிஜமா?"

மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து வந்தவரிடம் கொழுந்தன் மார்பை நிமிர்த்தினார். "கூட்டையே கலைச்சிட்டேன்ப்பா. ஒண்ணுகூட விடல. நீ கிளம்பு."

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது.

"அண்ணே, மூக்குல குளவி!"

கொழுந்தனுக்குக் கண்ணில் நீர் கட்டியது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுது," என்றார் அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "மன்னிப்புக் கேக்க வந்திருக்கு."

மருந்துக்காரர் பின்னாலேயே நகர்ந்து, பம்ப் அறையைத் தாண்டியதும் ஓடினார்.

கரை இன்னமும் நாறுகிறது என்று அக்கா போனில் பெருமையாகச் சொல்கிறாள். பம்ப்பும் அடிக்கடி பழுதாகிறதாம். ஏன் பழுதாகிறது என்று கேட்க எனக்குத்தான் பயம்.