ராணி சினையான கதை

மாட்டுக்கு இடது கை, சோற்றுக்கு வலது கை என்று பிரித்துவைத்துக்கொள்வதுதான் எங்கள் கால்நடை மருத்துவத் தொழிலின் முதல் பாடம். எண்பதுகளில் மொரப்பூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது அந்த இடது கையை ஒரு பெட்டைக் குதிரைக்கும் கொடுக்க வேண்டி வந்தது. மாடு பக்கவாட்டில் உதைக்கும். குதிரை நேராகப் பின்னால் உதைக்கும். உதை வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தலைப்பக்கம் சவரிமுத்து

சவரிமுத்து ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுபவர். அவருடைய குதிரை ராணி. முந்தைய வருஷம் சினை கலைந்து செத்துப் பிழைத்தது. அதற்கப்புறம் அரூர்ப் பக்கம் ஓர் ஆண் குதிரையிடம் எத்தனை முறை ஓட்டிப்போயும் சினை பிடிக்கவில்லை. வண்டிக்கு அடுத்த குதிரை ராணி வயிற்றில்தான் பிறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அதன் பின்னங்கால்களுக்கும் எனக்கும் நடுவே வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டு, ஆசனவாய் வழியே தோள்வரை கையை விட்டேன். கர்ப்பப்பை தொளதொளவென்று சீழ் கோத்திருந்தது. சவரிமுத்து தலையைப் பிடித்துக்கொண்டு ராணியின் காதில் சமாதானம் சொன்னார்:

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, டாக்டரு என்னத்தையோ உள்ள தொலச்சுட்டுத் தேடறாரு."

குடி வந்தது

கர்ப்பப்பையைக் கழுவி மருந்து விட்டேன். சீழ் அடங்கியதும் மறுபடி அரூருக்குப் போய் வந்தார்கள். சில வாரம் கழித்துக் கையை விட்டால் கர்ப்பப்பை ரப்பர் குழாய் மாதிரி இறுகி, ஒரு பக்கம் சின்னதாகப் புடைத்திருந்தது. "சினைதான்" என்றேன். சவரிமுத்துவின் மனைவி ஞானம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. கரு முதலில் ஓரிடத்தில் தங்காமல் கர்ப்பப்பை முழுக்க உருண்டு, தான் வந்திருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கும். அது தெரிந்ததும் கர்ப்பப்பையில் சில ஜீன்கள் விழித்துக்கொண்டு கருவுக்கு ஆகாரம் சுரக்கவைக்கும் என்று விளாசினேன். சவரிமுத்து பொறுமையாகக் கேட்டார்.

"குடி வர்றவன் வூட்டச் சுத்திப் பாக்கறான், வூட்டுக்காரம்மா அடுப்பப் பத்த வெக்கறாங்க. அவ்ளோதானுங்களே சார்?"

நீளக் காது

பிரசவத்தன்று காலையில் சவரிமுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் குட்டியின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. ராணி தரையில் புரண்டது. கண்கள் செருகிவிட்டன. போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கே பயம். ஒருவழியாகக் காலை நிமிர்த்தி இழுத்தேன். குட்டி உயிரோடு வந்தது. காதுகளும் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

கோவேறு கழுதை! அரூர்ப் பயணத்தில் எங்கேயோ மேயவிட்ட நேரத்தில் ஒரு கழுதை முந்திக்கொண்டிருக்கிறது. இது வண்டி இழுக்கும், ஆனால் குட்டி போடாது, ராணியின் வம்சம் இதோடு சரி என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சவரிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராணியோ, பாதி வேற்றினம் என்ற யோசனையே இல்லாமல் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தோள் துண்டை எடுத்துக் குட்டியைத் துவட்ட ஆரம்பித்தார். ஞானம்மா பக்கத்தில் குந்தினார்.

"காது நீட்டமா இருந்தா என்னங்க, நாம சொல்றதாச்சும் நல்லாக் கேக்கும்."

இத்தனை வருஷம் கர்ப்பப்பைகளைத் தடவித் தடவி என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது சினையா இல்லையா என்பதை மட்டும்தான். அப்பன் யார் என்பதைக் குட்டியே வெளியே வந்து சொன்னால்தான் உண்டு.