பத்து மில்லிமீட்டருக்குள் ஒரு பொன்னுருக்கு

இந்தப் பயணம் எப்படி முடியும் என்று புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டேன். எந்த லென்ஸ் வாங்குவேன், படத்தைப் பார்த்து ஆர் அழுவினம் என்பது வரைக்கும். வீட்டில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. இனி அகன்ற லென்ஸ் தேடி லண்டனுக்குள் அலையப் போகிறவர்களாவது கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணையின் மகள் கீர்த்தனாவுக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்குவது விம்பிள்டனில், மாப்பிள்ளை வீட்டில். அந்த இடத்துக்குக் கலியாணப் பொம்பிளை வரக்கூடாது, அது எங்கட முறை. அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா, பொன் உருகேக்க அப்பாவின்ர முகத்தை நான் பாக்கவேணும். பொன்னும் அப்பாவும் ஒரே படத்தில. ரெண்டு படத்தை ஒட்டுற விளையாட்டு வேண்டாம். ப்ராமிஸ்?”

அண்ணை கமராவைக் கண்டால் மரக்கட்டை. பொன் உருகுவதோ ஒரே ஒரு தரம். மாப்பிள்ளை வீட்டு முன்னறை பன்னிரண்டுக்குப் பத்தடி, அதற்குள் இருபத்திரண்டு பேர். என்னிடம் இருந்த பதினெட்டு மில்லிமீட்டர் லென்ஸில் பொன்னை உருக்குகிற பத்தரும் பாதிச் சோபாவும்தான் விழும்.

சனிக்கிழமை காலை 9.10க்கு தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறினேன். ஈஸ்ட் க்ரொய்டனில் மாறி ஃபாரிங்டன், அங்கே எலிசபெத் லைனில் மாறி ஃபாரஸ்ட் கேட். போய்ச் சேர 10.25. நேர்கோட்டில் பன்னிரண்டு மைல்தான், ஆனால் படிக்கட்டுகளைச் சேர்த்தால் நாற்பது என்று என் முழங்கால் சொல்லும். போகவரக் கார்டில் பன்னிரண்டு பவுணுக்குள் முடிந்தது.

ஸ்டேஷனிலிருந்து நாலு நிமிட நடையில் ஃபோன் திருத்துகிற கடை ஒன்று. பின் அலுமாரியில் பழைய லென்ஸுகள். கடைக்காரர் நம்மட பெடியன்தான், நாற்பது வயது இருக்கும்.

“இருக்கிறதுக்குள்ள பெரிய இலக்கம் எது?” என்று கேட்டேன்.

“அண்ணை, இலக்கம் குறையக் குறையத்தான் அகலம் கூடும்.”

“தெரியும், தெரியும். உமக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்.”

மூன்றை எடுத்து வைத்தார். எட்டு மில்லிமீட்டர் மீன்கண் லென்ஸில் கடைக் கதவு வாழைப்பழம் மாதிரி வளைந்தது. பதினாலு ஒன்று, அம்மிக்குழவிப் பாரம். “உங்கட கமராவில படம் விழுற சென்சர் சின்னன், அண்ணை. இது இருபத்தொண்டு மாதிரித்தான் காட்டும். பத்தில இருந்து பதினெட்டு வரைக்கும் போற இதைப் போடுங்கோ.” போட்டேன். கண்ணை வைத்ததும் அந்த ஒடுங்கின கடை இரண்டு பக்கமும் சுவரைக் கழற்றிவிட்டது போல் விரிந்தது. கூரையும் தெரிகிறது, என் சப்பாத்தும் தெரிகிறது. கமராவை இறக்காமலே கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

பிறகு அவர் என்னை ஓரத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் காட்டினார். என் தலை பப்பாசிப்பழம்.

“ஓரத்தில நிக்கிறவைக்கு முகம் இழுபடும். முக்கியமான ஆக்களை நடுவில விடுங்கோ.”

“இதைத்தான் நான் வீட்டில சொன்னனான்.”

“அப்ப ஏன் அண்ணை ஓரத்தில போய் நிண்டனீங்கள்?”

நூற்றெண்பது கேட்டார், நூற்றறுபத்தைந்துக்குத் தந்தார். பிழை என்றால் ஏழு நாளில் திருப்பலாம்.

திரும்பும் வழியில் ஃபாரிங்டனில் இறங்கி, பதினைந்து நிமிடம் நடந்து செயின்ட் போல்ஸ் தேவாலயத்துக்குப் போனேன். முப்பது வருடமாக பஸ் ஜன்னலால் துண்டு துண்டாகப் பார்த்த கட்டடம். கிட்ட நின்றால் கழுத்து முறியும், தள்ளி நின்றால் வேறு கட்டடம் மறைக்கும். பத்து மில்லிமீட்டரை வைத்தேன். அடிப்படி முதல் உச்சிச் சிலுவை வரை, மேலே போன மேகத்தோடு, முழுசாக ஒரே சட்டத்துக்குள் வந்து நின்றது. அதைக் கட்டினவருக்குக்கூட அப்படித் தெரிந்திருக்காது.

புதன்கிழமை பொன்னுருக்கு. ஈஸ்ட் க்ரொய்டனிலிருந்து ட்ராமில் விம்பிள்டன் இருபத்தேழு நிமிடம், 1.75 பவுண். ஸ்மோக் அலாரத்துக்குப் பொலித்தீன் பை கட்டியாயிற்று. பத்தர் தட்டின் முன் இருந்தார். அண்ணை மட்டும் வாசலோரம்.

“அண்ணை, நடுவுக்கு வாங்கோ.”

“சும்மா இரடா. சம்பந்தி வீட்டில முன்னுக்குப் போய் நிக்கிறதே?”

நான் விடுவேனா? தோளில் பிடித்து இழுத்துவந்து பத்தருக்குப் பக்கத்தில் இருத்தினேன். சுவாலை நீலமாகப் பிடித்தது. தட்டிலிருந்த பொன் நாணயம் விளிம்பில் சிவந்து, நடுங்கி, ஒரு துளியாகச் சுருண்டது. அழுத்தினேன். ஒரே படம். பொன், இருபத்திரண்டு பேர், பொலித்தீன் பை, கண் நிறைந்த அண்ணை. கீர்த்தனாவுக்கு அனுப்பி இரண்டு நிமிடத்தில் ஃபோன் வந்தது. அழுகைதான் கேட்டது.

போகிறவர்களுக்கு: உங்கள் கமராவைக் கையோடு கொண்டுபோங்கள். சின்ன சென்சருக்குப் பத்து போதும், எட்டு வேண்டாம். கடைக்குள்ளேயே ஓரத்தில் ஆளை நிறுத்திப் பாருங்கள். கமராவை அண்ணாந்தோ குனிந்தோ பிடித்தால் சுவர்கள் சாயும், நேராகப் பிடியுங்கள்.

கடைசியாக ஒன்று. படம் இப்போது கீர்த்தனாவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, பார்த்தவர்கள் எப்படியும் என்னைப் பிடிப்பார்கள். அண்ணையை நடுவுக்கு இழுத்தேன் என்றது நான் கட்டின கதை. அவர் அசையவில்லை, பொன் அதற்குள் உருகத் தொடங்கிவிட்டது. வாசலோரத்தில், படத்தின் கரையில்தான் நிற்கிறார். கண் நிறைந்தது உண்மை, ஆனால் முகம் ஒரு சாண் அகலம். கொம்பியூட்டரில் சரிக்கட்டித் தாறன் என்று கீர்த்தனாவிடம் கெஞ்சினேன்.

“தொடாதேங்கோ சித்தப்பா,” என்றாள். “அந்த ரூமில அப்பாதான் எல்லாரையும் விடப் பெரிசா நிக்கிறார்.”