வளைவுக்குள் போன கை

கழிவுக் குழாயில் தண்ணீர் ஓட எவ்வளவு வாட்டம் வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்காத பிளம்பர் ஆனையூரில் கிடையாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இரண்டு பைப் கடை, மாடி வீடு, எல்லாம் நானே சம்பாதித்தது. போன வாரம் என் வீட்டில் டாய்லெட் மாற்றினார்கள். ஈரச் சிமென்ட் வாசனை வந்ததுமே செல்லூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. தறிக்கூடப் படியில் விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பு ஊன்றி நாலு எட்டு நடப்பார்; ஆனால் குந்தி உட்கார முடியாது. தினமும் காலையில் அம்மாவும் மாமாவும் கக்கூசுக்குள் போய் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே வரும்போது அப்பா யார் முகத்தையும் பார்க்க மாட்டார். விழுந்ததிலிருந்து சாப்பாடும் குறைந்து, நாலு இட்லி வைத்தால் ஒன்றரைதான் தின்பார். மீதியை என் தட்டில் வைத்து, "பசிக்கல தாயி, நீ தின்னு" என்பார். அவர் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இடித்த லாட்ஜ் ஒன்றிலிருந்து நாற்காலி போல உட்காரும் பீங்கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தெருவே வந்து பார்த்தது. பழையதைப் பெயர்த்துவிட்டு, குழாய் வாய்க்கு நேராக இதை வைத்தார்.

"ஏண்டா, அம்மன் கோயிலைப் பாத்தா அவரை உக்கார வைக்கப் போற?" என்றாள் அம்மா.

"நடுவுல ஒரு ஆறே கெடக்குக்கா. ஆத்தா அங்கருந்து எட்டியா பாக்கப் போறா?"

"திருப்பி வையிடா."

திருப்பியதும் குழாய் ஒரு முழம் தள்ளிப் போய்விட்டது. மாமா நடுவில் ஒரு வளைவைப் பொருத்தி, இணைப்பில் சணலைத் திணித்து, சிமென்ட்டை அள்ளி அப்பினார். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "மாப்ள, இன்னைக்கே ஆயிருமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். இறங்கவில்லை. விளிம்பு வரை ஏறி நின்றது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பீங்கானைத் தூக்கிப் பார்த்தால், அப்பிய சிமென்ட் சணலோடு உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருந்தது. மாமாவின் கை அந்த வளைவில் திரும்பவில்லை. "மருமகளே, நீ விட்டுப் பாரு" என்றார். தோள் வரை விட்டுத் துழாவி, இறுகாத கட்டியைக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகப் பிடுங்கி எடுத்தேன். மறுபடி வைத்துப் பூசினார்கள். மறுநாள் காலையில் ஊற்றிய தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. அப்பா கம்பை ஊன்றித் தனியாக உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை.

செல்லூரில் அன்றைக்கு என்னை விடக் கெட்டிக்காரி யார் இருந்திருப்பார்கள்? அந்த மிதப்போடு சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா நாலு இட்லியையும் தின்றுவிட்டு, இன்னும் இரண்டு கேட்டார். என் தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

குழாய்க்குள் கைவிட்டது நான், இட்லி மட்டும் அவருக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அத்தனை நாளும் அவர் பசிக்கவில்லை என்று சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன்.