எல்லோருக்கும் அதிகாரம் கொடுத்த ஸ்ரீபன்

ஸ்ரீபன் கோபக்காரன் என்பது வவுனியாவில் அவன் மனைவி றோஸ்மேரியைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது. கோபத்தை வெளியே காட்டும் வசதி அவனுக்கு இருக்கவில்லை. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து, முல்லைத்தீவுக் கரையில் சில வருடம் வலை இழுத்து, அங்கேயும் இருக்கவிடாமல் துரத்தப்பட்டு வந்தவன். வவுனியா அவனை முகாமில் போட்டது. நகரத்துக்குள் ஓர் அறை எடுத்து மனிதராய் இருப்பதற்குப் படையினர் தரும் பாஸ் வேண்டும். பாஸ் புதுப்பிக்க மாதாமாதம் வேலைத்தலத்துக் கடிதம் வேண்டும். கடிதம் நின்றால், கட்டின மனிசியோடு மறுபடியும் முகாமின் தகரக் கூரைதான்.

கடிதத்தில் ஒப்பம் வைப்பவர் பரமலிங்கம். விதைநெல்லும் மீன்வலையும் வழங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் வவுனியாப் பொறுப்பாளர். கணினி வகுப்பு முடித்திருந்த ஸ்ரீபனை வேலைக்கு எடுத்தவரும் அவரே.

இரண்டாயிரமாம் ஆண்டு அந்த அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. ஒவ்வொருவரும் தம் பெயரைக் கொடுத்துத்தான் உள்ளே போகவேண்டும். நிவாரண விபரங்களைப் பதியும் மென்பொருளோ சாதாரணப் பெயர்களுக்கு அசையாது. 'அட்மினிஸ்ரேற்றர்', அதாவது நிர்வாகி, என்ற பெயரில் போனால்தான் திறக்கும். அந்தப் பெயருக்குரிய இரகசியச் சொல்லான பாஸ்வேட்டைக் கொழும்பு அலுவலகம் ஸ்ரீபனுக்கு மட்டும் சொல்லி, ஒருவரிடமும் வாய்விடக் கூடாது என்று எச்சரித்திருந்தது.

ஒருநாள் காலை வழிநெடுகக் காவலரண்களில் 'என்ன அலுவலாய்?' என்று மறிபட்டு, சைக்கிள் சீற்றைக்கூடக் கழற்றிக் காட்டிவிட்டு வந்து அவன் கதிரையில் இருக்கமுன்னமே கணக்குப் பார்க்கும் விமலேஸ்வரி கூப்பிட்டாள்.

"தம்பி, இந்தக் கணினி திரும்பவும் எனக்கு அனுமதி இல்லையெண்டுது."

ஸ்ரீபனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "றோட்டிலை நிக்கிறவன் மறிச்சால் சரி, அவன்ரை கையிலை துவக்கு இருக்கு. இந்தப் பெட்டிக்கு என்ன கொழுப்பு!" என்று தனக்குள் கறுவிக்கொண்டான்.

அன்றைக்கே பாஸ்வேட்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

"இனி ஆரும் ஆரையும் கேக்கத் தேவையில்லை. எல்லாரும் அட்மினிஸ்ரேற்றர்தான்."

"என்ரை மனிசன் வீட்டிலை தராத அதிகாரம்," என்றாள் விமலேஸ்வரி.

வன்னியிலேயே ஒருவரும் மறிபடாத இடம் அந்த மேசை ஒன்றுதான் என்று ஸ்ரீபன் றோஸ்மேரியிடம் பெருமையடித்தான். கடிதம் அடிப்பதற்கும் அட்மினிஸ்ரேற்றர், படம் பார்ப்பதற்கும் அட்மினிஸ்ரேற்றர். இதில் அதிகம் மகிழ்ந்தவர் பரமலிங்கம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு, மச்சான் கொடுத்த சீட்டாட்டப் பிளொப்பியைப் போட்டார். சாதாரணப் பெயரில் போட்டிருந்தால் கணினி மறித்திருக்கும். வந்தவர் அட்மினிஸ்ரேற்றர் அல்லவா, மறுபேச்சில்லாமல் வழிவிட்டது. சீட்டோடு வைரஸும் உள்ளே போனது.

மறுநாள் கணினி எழும்பவில்லை. விதைநெல்லுக்குக் காத்திருந்த குடும்பங்களின் விபரமெல்லாம் துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. பரமலிங்கம் பிளொப்பியை மெல்ல எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்ததை ஸ்ரீபன் கண்ணால் கண்டான்.

கொழும்பிலிருந்து தவராசா என்ற பொறியியலாளர் வந்தார். கணினியின் வன்தட்டைக் கழற்றித் தன் கணினியில் மாட்டி ஆராய்ந்தார்.

"ஆரோ பிளொப்பி போட்டிருக்கினம். அட்மினிஸ்ரேற்றர் எண்ட பேரிலை. ஆர் இஞ்சை அட்மினிஸ்ரேற்றர்?"

நேற்றுவரை அலுவலகம் முழுக்க அட்மினிஸ்ரேற்றர்கள். இன்றைக்கு ஒருவரைக் காணோம். விமலேஸ்வரி மின்விசிறியைப் பார்த்தாள். பரமலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். அவர் மேசையில் ஸ்ரீபனின் கடிதம் ஒப்பமில்லாமல் கிடந்தது. பாஸ் அன்றோடு முடிகிறது.

"நான்தான்," என்றான் ஸ்ரீபன்.

"பிளொப்பி போட்டதும் நீங்களோ?"

ஸ்ரீபன் பரமலிங்கத்தின் காற்சட்டைப் பையைப் பார்த்தான். றோஸ்மேரியை நினைத்துக்கொண்டான்.

"ஓம் சேர். நான்தான்."

பரமலிங்கத்துக்கு உடனே இரக்கம் பொங்கியது. "பாவம், தெரியாமல் செய்திட்டார். வேலையாலை நிப்பாட்ட வேண்டாம். அவருக்கு நான் பொறுப்பு."

இப்படியும் ஒரு மனிதரா என்று தவராசா நெகிழ்ந்துபோனார். கணினியைத் திருத்தி, பாஸ்வேட்டை மாற்றி, இனி இது உங்களோடு மட்டும் இருக்கட்டும் என்று பரமலிங்கத்தின் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். பரமலிங்கம் கடிதத்தில் ஒப்பம் வைத்தார். பின்னேரமே ஸ்ரீபனுக்குப் பாஸ் கிடைத்தது.

அடுத்தநாள் தடையெல்லாம் தாண்டி வந்து கணினியைப் போட்டான். மென்பொருள் திறக்க மறுத்தது. எழுந்து போய்ப் பரமலிங்கத்தின் கதவடியில் நின்றான்.

"சேர், ஒருக்கா வந்து திறந்து விடுறியளே?"

பரமலிங்கம் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன அலுவலாய்?" என்று கேட்டார்.