பட்டிக்காரிக்கு ஒரு துணை

எங்கள் வீட்டு முன்னறையில் நடுப்பகலிலும் கடல் மணக்கும். கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடந்த ஊரில் அதிலென்ன புதினம் என்று கேட்பீர்கள். ஆனால் அந்த மணம் கரையிலிருந்து காற்றோடு வந்ததல்ல, அலுமாரிக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல் அடுக்கி அப்பா ஏற்றி வைத்திருந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து எழும்பியது. உள்ளே கடல் தண்ணீர், ஓயாமல் குமிழி விடும் ஒரு "காத்து மோட்டர்", கவிழ்த்துப் போட்ட உடைந்த மண்சட்டி, அந்தச் சட்டிக்குச் சொந்தக்காரியாக ஒரேயொரு மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட அந்த மீனை மற்றவர்கள் கோமாளி மீன் என்பார்கள். எங்கள் வீட்டில் அவள் "பட்டிக்காரி".

அப்பா முன்பு கடலடிப் பவளப் பாரில் முக்குளித்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் அழகு மீன்களை உயிரோடு பிடித்தவர். ஒரு காது செவிடாகி, இனிமேல் ஆழத்துக்கு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு வள்ளங்களின் இஞ்சின் திருத்தத் தொடங்கினார். மீன் வாங்கிய முதலாளி கழித்துவிட்ட தொட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதும் ஒரே வருடத்தில்தான். எனக்கு அப்போது பத்து வயது. தங்கை ரோசி இன்னும் பால் மறக்கவில்லை. "கூரைக்கு ஓடு போட்டதும் வந்திருவன்" என்று சொல்லி, உறங்கிக்கொண்டிருந்த ரோசியை எழுப்பாமலே அம்மா வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினார்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு வரும் நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு வரும். முதல் மாதங்களில் அழுதோம். பிறகு அழுகையும் தீர்ந்து, கதைக்கவும் ஒன்றும் இல்லாமல் போனபோது, பட்டிக்காரி எங்களுக்குக் கைகொடுத்தாள். "மீன் என்ன செய்யுது?" என்று அம்மா கேட்பார், சாப்பிட்டது, சட்டிக்குள் ஒளித்தது, கண்ணாடியில் முட்டியது என்று நான் ஒப்புவிப்பேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா போனை வாங்கி, "தனிய கிடக்குது, பாவம். ஒரு சோடி தேடணும்" என்றார். மறுமுனையில் அம்மா உடனே பேச்சை மாற்றி ரோசியை விசாரித்தார். அப்பா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இன்னும் முக்குளிக்கப் போய்க்கொண்டிருந்த கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து கொடுத்த முதல் மீனை அப்பா நேராகத் தொட்டிக்குள் விட்டார். விடிந்தபோது அது செட்டை கிழிந்து, தொட்டி மூலையில் செத்துக் கிடந்தது. இந்த இனத்தில் பெரியது பெண், சின்னது ஆண். அவளுடைய இடத்துக்குள் யாரும் திடீரென்று நுழைந்தால் பொறுக்கமாட்டாள். அடுத்த மீனை இன்னும் சின்னதாகப் பார்த்து எடுத்த அப்பா, இந்த முறை அவசரப்படவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதியவனை அதற்குள் வைத்தார். பட்டிக்காரி கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து மோதினாள். அப்பா நாள்தோறும் இறாலை நுணுக்கி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போடுவார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, செவிடாகாத காதைத் தொட்டிப் பக்கம் திருப்பியபடி இருப்பார். ரோசி கண்ணாடியில் தட்டினால், "தட்டாத மகள், அதுகள் பழகட்டும்" என்று மெதுவாகச் சொல்வார். இரண்டு கிழமைக்கும் மேல் அப்படிப் போனது. கூடையை எடுத்த அன்று, பழைய இடம் என்று அவள் உரிமை கொண்டாடாதபடி சட்டியையும் கற்களையும் இடம் மாற்றி, தொட்டிமேல் தான் இடுப்பில் கட்டும் சாரத்தைப் போர்த்தி இருட்டாக்கினார். சாரத்தை விலக்கியபோது சின்னவன் அவளுக்கு முன்னால் உடம்பை நடுக்கிப் பணிந்து நின்றான். அவள் கடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அப்பா குவைத்துக்கு ஒன்றும் விடாமல் சொன்னார்.

அடுத்த வருடம் அம்மா லீவில் வந்தார். எங்களுக்குத் தெரியாத ஒரு வாசனையோடு, ஒரு பெரிய பெட்டியோடு, முன்பைவிட மெலிந்து வந்தார். அவர் கையை நீட்டியதும் ரோசி என் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பொம்மையை வாங்கினாள், தந்தவரிடம் போகவில்லை. இரவில் என்னோடுதான் படுத்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஊட்ட வந்தபோது அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்ள, அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அது உன்ட அம்மா! போடி!" என்று அவளைத் தூக்கி அம்மாவின் மடியில் அழுத்தினார். ரோசி அலறி, துள்ளி, அம்மாவின் கையைக் கடித்தாள்.

அம்மா கையை இழுக்கவில்லை. "விடுங்க அவள. பிடிச்சுத் தள்ளாதீங்க" என்றார்.

"ஏஜென்சிக்காரன் திரும்பிப் போற திகதி கேக்கிறான். நீ போறதுக்குள்ள இவள் பழகத் தேவையில்லையா?"

"மீனுக்கு எத்தின நாள் கூடை போட்டு வச்சிருந்தீங்க? நீங்கதானே போன்ல சொன்னீங்க."

"மீனும் மனுசரும் ஒண்டா?"

"இல்லதான். மீனுக்கு நீங்க பொறுத்திருந்தீங்க."

அப்பா சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கரைப்பக்கம் போய்விட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. அன்று கரையில் குந்தியிருந்து அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் திரும்பி வந்து, "போகவேண்டாம்" என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. கூரையில் பாதிக்கு இன்னும் ஓலைக் கிடுகுதான் கிடந்தது. ரோசி அம்மாவின் மடிக்கு ஓரளவு கிட்ட வந்து, அவருடைய வளையலைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்த கிழமையில் வான் மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

சில மாதங்களில் பட்டிக்காரி மண்சட்டியில் முட்டையிட்டாள். அப்பா கத்திக் கத்திப் போனில் சொன்னார். "நல்லது" என்ற அம்மா, "ரோசிட்ட குடுங்க" என்றார். ரோசி தலையை ஆட்டி மறுத்துவிட்டு விளையாடப் போனாள். அம்மா ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக, என்னுடைய கலியாணம் வரை அங்கேயே இருந்தார்.

இப்போது வீட்டுக்கு முழுக்க ஓடு போட்டாயிற்று. தொட்டி ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டு ஒழுகி, மீன்களோடு போனது. புதிதாக ஒன்று வைக்க அப்பா நினைக்கவுமில்லை. பாரில் பல இடங்கள் வெளுத்துச் செத்துவிட்டன என்கிறார்கள். மீனுக்காக முக்குளித்தவர்களின் பிள்ளைகள் இன்று டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் போகிறார்கள். ரோசி திருமணம் முடித்து இத்தாலியில் இருக்கிறாள். கிழமைக்கொரு தடவை எனக்கு அழைப்பெடுத்து, "அவங்க எப்பிடி இருக்கிறாங்க?" என்று அம்மாவை விசாரிப்பாள்; குறையில்லாமல் மருந்தும் அனுப்புவாள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார், அவரோடு கதை என்று நான் சொன்னால், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவாள். அம்மா அதைக் கேட்டும் கேளாதவர்போல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ரோசிக்கு அவர்மேல் கோபமா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். கோபமில்லை. கோபப்படும் அளவுக்கு அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்ததே இல்லை.